காலி வண்டியில் வந்த சூப்பிரண்டு

“வெள்ளி. ஆனி, தேய்பிறை. காலை வண்டி. புறப்படும்போது காலி. செம்மேடு சேரும்போது நிற்க இடமில்லை.”

என் பழைய குறிப்பு நோட்டு ஒன்றில் இப்படி எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே ஒரு பஸ் டிக்கெட் ஒட்டியிருக்கிறது. பசை தடவி நான் ஒட்டியதில்லை, பலாப்பிசின் ஒட்டியது. அச்சடித்த பக்கம் தாளோடு சேர்ந்துகொண்டு, வெறும் முதுகு மட்டும் மேலே தெரிகிறது. ஆண்டை ஒவ்வொரு நோட்டின் முதல் பக்கத்திலும் ஒரு முறைதான் எழுதுவது என் வழக்கம். இந்த நோட்டின் முதல் பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது. ஆகவே அந்த வெள்ளிக்கிழமை எந்த ஆண்டில் வந்தது என்பதை உறுதியாகச் சொல்ல என்னிடம் இருப்பது இந்த டிக்கெட் ஒன்றுதான். அதுவோ முகத்தைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறது. கண்டக்டர் கையில் டிக்கெட் மெஷின் வந்திருந்தது, வளப்பூர் நாட்டுக்கு செல்போன் கோபுரம் வந்திருக்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஊர்ச் செய்திகளைத் தேதியோடு குறித்துவைப்பதை இத்தனை காலம் பழக்கமாக வைத்திருப்பவனுக்கு இது திருப்தியான பதில் அல்ல.

நான் மலையடிவாரத்துப் புளியஞ்சோலைக்காரன். மலைமேல் சில சிற்றூர்களைச் சேர்த்து ஒரு ‘நாடு’ என்பார்கள். வளப்பூர் நாட்டில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது, பள்ளியை ஒட்டிய ஓர் அறையில் தங்கியிருந்தேன். மாலையில் நாமக்கல்லிலிருந்து மலை ஏறி, மலைமேல் சந்தை ஊரான செம்மேடு வழியாக அந்தச் சிற்றூருக்கு வரும் பஸ் ஒன்று உண்டு. இரவு ஊரிலேயே நின்றுவிட்டு விடிந்ததும் கிளம்பும். அதை ‘ஹால்ட் வண்டி’ என்போம். எங்கள் பக்கத்துக்குக் காலையில் வேறு வண்டி கிடையாது. காய்ச்சல்காரர்கள், செம்மேட்டுப் பள்ளிக்குப் போகும் பெரிய பிள்ளைகள், மிளகுச் சாக்கோடு சந்தைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் அது ஒன்றுதான். எல்லோரையும்விட அதை நம்பியிருந்தவர் பலாப்பழம் விற்கும் ஓர் அக்கா. கணவர் இல்லை, இருந்ததெல்லாம் மேட்டு நிலத்துப் பலா மரங்கள். மலைக்குக் கீழே, கீழ்நாட்டிலிருந்து வரும் சில்லறை வியாபாரிகள் செம்மேட்டை விட்டுக் கிளம்புவதற்குள் பழத்தோடு போய்ச் சேர்ந்தால் அவர் சொன்ன விலை. தவறினால், ஊருக்குள் லாரியோடு வந்து நிற்கும் மொத்த வியாபாரி சொல்லும் விலை. பழுத்த பலாவை மறுநாளைக்கு வைத்திருக்க முடியாது. லாரிக்காரர் அது தெரிந்தவர்.

அரசுச் செலவைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு அப்போது பலமாக இருந்தது. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ‘சிக்கனம்’ என்று தொடங்கும் சுற்றறிக்கை ஒன்று மேஜைமேல் கிடக்கும். காலியிடங்களை நிரப்பவில்லை. நட்டத்தில் ஓடும் பஸ் நடைகளை நிறுத்துவதற்கு ஒரு பட்டியல் தயாரானது. எங்கள் ஹால்ட் வண்டியின் செம்மேட்டுக்கு அப்பாலான ஓட்டமும் அதில் இருந்தது. நேரில் பார்த்து அறிக்கை எழுத போக்குவரத்துக் கழகத்திலிருந்து ஒரு சூப்பிரண்டு வரப்போகிறார் என்று கேள்விப்பட்டோம். டிரைவர் எங்கள் மக்கள்மேல் பிரியம் உள்ளவர். முதல் நாளே ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரிடம், “நாளைக்கு அதிகாரி வாராருங்க. கொஞ்சம் மரியாதையாப் பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்று மாலை ஊர் கூடிப் பேசியிருக்கிறது. ஆசிரியர் பயிற்சிக்காக நான் நாமக்கல் போயிருந்ததால் இதெல்லாம் எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை மாலை நான் திரும்பி வந்த அதே வண்டியில்தான் சூப்பிரண்டும் வந்தார். ஒல்லியான மனிதர். அரைக்கைச் சட்டை, துணிப்பை. பழைய சுற்றறிக்கைகளின் பின்பக்கத்தை அளவாக வெட்டி, குண்டூசி குத்தி, குறிப்பெழுத வைத்திருந்தார். போக்குவரத்துக் கழக ஊழியருக்கான பாஸ் இருந்தும் காசு கொடுத்து டிக்கெட் வாங்கினார். கண்டக்டர் தயங்கியபோது, “நானும் ஓராளு ஏறியிருக்கறேனுங்களே. கணக்குல வரோணுமில்லீங்களா” என்றார். கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே வந்ததும் டிரைவரிடம், “வெளியில இன்னும் வெளிச்சம் இருக்குதுங்களே, உள்ளே எதுக்கு லைட்டு?” என்று கேட்டார். அதட்டலாக இல்லை. தன் வீட்டில் தேவையில்லாமல் எரியும் விளக்கைப் பார்த்த ஒருவரின் குரல் அது.

செம்மேட்டில் கீழ்நாட்டுக் கூட்டம் இறங்கியது. வழக்கமாக அங்கே எங்கள் நாட்டு மக்கள் சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள். அன்று ஒருவரும் ஏறவில்லை. டீக்கடை ஓரத்தில் பலாப்பழ அக்கா காலிக் கூடையோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்டக்டர் தொண்டை வற்றக் கூப்பிட்டுப் பார்த்தார். “நீங்க போங்க சாமி, நாங்க வந்துக்கறோம்” என்று பதில் வந்தது. வழி நெடுக இதே கதை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் நின்றார்கள். வண்டியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். நாட்டில் ஏதோ சாவு விழுந்து, அதற்கான முறை இது என்று நான் நினைத்தேன்.

“ஏனுங்க வாத்தியாரே, இவுங்களுக்கு பஸ்ஸு மேல ஏதாச்சும் கோவமா?” என்று சூப்பிரண்டு கேட்டார்.

“இல்லீங்களே. தினமும் அடிச்சுப் புடிச்சு ஏறுவாங்க. காய்ச்சல்காரங்களும் காலையில இதுலதான் போவாங்க.”

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஊருக்குப் பரிந்து பேசும் வாத்தியாரிடம் எல்லோரும் சிரிக்கும் சிரிப்பு. பிறகு மடியில் இருந்த தாளில் ஏதோ எழுதினார்.

இரவு என் அறையில்தான் அவருக்குத் தங்கல். இருட்டத் தொடங்கும்போதே ஊர்க்கவுண்டர் பத்துப் பதினைந்து பேரோடு பள்ளித் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டார். சாமைச் சோறும் கோழிக் குழம்பும் வந்தன. “வண்டி நட்டம்னு எழுத வந்தவனுக்குக் கோழியா?” என்று சூப்பிரண்டு மறுத்துப் பார்த்தார். “அது வேறங்க, இது வேறங்க” என்று கவுண்டர் குழம்பை ஊற்றிவிட்டார். இதற்குள் குறுக்குப் பாதையில் நடந்தே வந்து சேர்ந்திருந்த பலாப்பழ அக்காவும் தூணோரம் உட்கார்ந்தார். அன்று அங்கே நடந்ததுதான் அரசின் அளவைப் பற்றி நான் கேட்ட முதல் விவாதம். பிற்பாடு புத்தகங்களிலும் பத்திரிகைகளிலும் நிறையப் படித்தேன். எதுவும் அந்தத் தாழ்வாரத்துப் பேச்சைப் போல நினைவில் தங்கவில்லை.

கவுண்டர் கேட்டார்: “பஸ்ஸை நிறுத்தப் போறாங்களாமுங்களே?”

“நிறுத்தறதும் உடறதும் என் கையில இல்லீங்க. பாத்து எழுதறது மட்டுந்தான். ஆனா ஒண்ணு சொல்றேன். அரசாங்கம் கல்யாணப் பந்தி இல்லீங்க, வந்தவுங்களுக்கெல்லாம் இலை போட்டுக்கிட்டே போறதுக்கு. இலையே கடன்ல வாங்கறது.”

“எங்களுக்குப் போட்ட இலையே இந்த வண்டி ஒண்ணுதாங்க சார்” என்றார் அக்கா. “அதையும் சுருட்டிட்டா, சோத்தைக் கையில வாங்கித்தான் திங்கோணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். சூப்பிரண்டும் சிரித்தார். மிளகுக் கொடி வைத்திருந்த பெரியவர் ஒருவர் செருமிக்கொண்டு பேசினார்.

“குறைக்கறதுன்னா குறைங்க சாமி, நாங்க வேண்டாங்கல. அரசாங்கம் எங்களுக்கும் ரொம்பப் பெருசாத்தான் தெரியுது. போன வருசம் ஆட்டை எண்ண ஒருத்தரு வந்தாரு. கக்கூஸை எண்ண ஒருத்தரு வந்தாரு. அப்பறம் அவுங்க எண்ணினது சரியான்னு எண்ண இன்னொருத்தரு. அந்த எண்ணறவங்களக் குறைங்க. பஸ்ஸை உட்டுருங்க.”

“நானும் எண்ண வந்தவன்தானுங்க” என்றார் சூப்பிரண்டு.

“உங்களச் சொல்லலீங்க. உங்களுக்கு முன்னாடி வந்தவங்களச் சொன்னேன்.” பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “பின்னாடி வரப் போறவங்களையும்” என்று சேர்த்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் சூப்பிரண்டு தன் ஊரைப் பற்றிச் சொன்னார். அவருடைய ஊர் கரட்டுப் பூமி. பிரிவு ரோட்டில் இறங்கி வெயிலில் நடந்துதான் போக வேண்டும். அவர் பிள்ளையாக இருந்தபோதும் ஊருக்கு வண்டி இல்லை, இப்போதும் இல்லை. மனுக் கொடுக்கும்போதெல்லாம் நிதி இல்லை என்ற பதில். “இங்க காலியா ஒரு வண்டி ஓடுதுன்னா, அது எங்க ஊருல ஓடாத வண்டிங்க. கஞ்சத்தனத்துல பேசறேன்னு நினைக்காதீங்க. வீணாப் போறதை நிறுத்தினாத்தான் இல்லாதவனுக்கு ஏதாச்சும் போகும்.”

சுற்றறிக்கை எழுதுகிறவர்களின் சிக்கனம் வேறு, இவருடைய சிக்கனம் வேறு என்று எனக்கு அப்போது தோன்றியது. கடைசியில் கவுண்டர், “உங்க ஊருக்கும் உடோணுமுங்க” என்றார். வாதமாகச் சொல்லவில்லை, மனம் தாங்காமல் சொன்னார்.

அக்கா எழுந்தார். “இன்னிக்கு வண்டி எதனால காலியா வந்துச்சுன்னா சார்…”

“அடச் சும்மா இரு” என்று கவுண்டர் கையமர்த்தினார். “விருந்தாளிகிட்டப் போயி அதைச் சொல்லிக் காட்டுவாங்களா?”

அக்கா கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். சூப்பிரண்டுக்கும் எனக்கும் ஒன்றும் புரியவில்லை.

மறுநாள் வெள்ளி. எனக்குச் செம்மேட்டில் ஆசிரியர் கூட்டம் இருந்தது. மூடுபனியில் வண்டி கிளம்பியபோது உள்ளே சூப்பிரண்டும் நானும் மட்டுமே. கண்டக்டர் படியில் நின்று ஊரைப் பார்த்துப் பார்த்து விசில் அடித்தார். ஒரு வீட்டுக் கதவும் திறக்கவில்லை. சூப்பிரண்டு தாளை எடுத்து ‘காலி’ என்று எழுதியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். எழுதிவிட்டு அவர் சந்தோஷப்படவில்லை. “காய்ச்சல்காரங்க போவாங்கன்னு சொன்னீங்களே வாத்தியாரே” என்று மட்டும் கேட்டார். நானும் என் நோட்டில் ‘புறப்படும்போது காலி’ என்று எழுதிக்கொண்டேன். அந்த வண்டியின் கதை அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மரவள்ளிக் காட்டை ஒட்டிய திருப்பத்தைத் தாண்டியதும் டிரைவர் பிரேக் போட்டார். பனிக்குள் சாலை நெடுக ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். புத்தகப் பையோடு பிள்ளைகள், தலையில் சாக்குகள், கம்பளி போர்த்திய ஒரு கிழவரைக் கைத்தாங்கலாக இருவர். முன்னால் ஊர்க்கவுண்டர். நடுவில், சும்மாட்டின்மேல் ஒரு பெரிய பலாப்பழத்தோடு அக்கா. வண்டிச் சத்தம் கேட்டதும் எல்லோரும் வரப்போரம் ஒதுங்கி, தோளில் இருந்த துண்டை எடுத்துவிட்டு, அதேபோல் கும்பிட்டார்கள். நாங்கள் எழுவதற்கு முன்பே ஊர் முழுவதும் புறப்பட்டுவிட்டிருக்கிறது.

சூப்பிரண்டு இறங்கினார். “ஏனுங்க, நடந்து போறீங்க? வண்டி வருதுன்னு தெரியாதுங்களா?”

கவுண்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். “பொண்ணு கேட்டு வாரவங்க ஏறுன வண்டியில ஊர்க்காரங்க ஏற மாட்டோமுங்க. அவுங்க தாராளமா உக்காந்து வரோணும். நீங்க அதிகாரி, அதுக்கும் மேல. மூட்டையும் கூடையுமா வந்து நெருக்கினா மரியாதை இல்லீங்களே. ரெண்டு நாளைக்கு நாம நடந்துக்கலாம்னு ஊருல முடிவு பண்ணினோமுங்க.”

“நான் கூட்டத்துலயே சொன்னேன்” என்று அக்கா பழத்தின் கீழிருந்து பேசினார். “ஒருத்தரு உக்கார ஒரு சீட்டு போதும், பஸ்ஸு பூராவும் எதுக்குன்னு. எங்களைப் பாக்க வாரவருக்கு எங்களையே காட்டலீன்னா எப்படின்னு. பொம்பளை சொன்னா யாரு காதுல ஏறுது? இப்பக் கழுத்து ஒடியுது.”

சூப்பிரண்டு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். நிற்கவே முடியாமல் வண்டியின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு ஓய்ந்தபோது கண் ஈரமாக இருந்தது, பனியாகவும் இருக்கலாம். “ஏறுங்க, எல்லாரும் ஏறுங்க. காலி வண்டியில கூட்டிட்டுப் போனா எனக்கு மரியாதையா இல்லீங்க, பயமா இருக்குது.”

அரைநொடியில் வண்டி அதன் இயல்புக்கு வந்துவிட்டது. முதல் ஆளாகக் கம்பளிக் கிழவரை ஏற்றினார்கள். அக்காவுக்கு இடம் கொடுக்க சூப்பிரண்டு நகர்ந்து உட்கார்ந்தார். டிக்கெட் எடுக்க அக்கா சுருக்குப் பையை அவிழ்க்க வேண்டியிருந்ததால் பழம் சூப்பிரண்டின் மடிக்குப் போனது. காம்பு அன்று காலையில் அறுத்தது. பிசின் அவர் விரல்களிலும் சட்டையிலும் இறங்கியது. முட்கள் குத்த, பழத்தைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு அவர் பேசினார்.

“ஒண்ணு சொல்லிப்போடறேன் அம்மா. இப்படி நெறஞ்சு போனாலும் இந்தத் தூரத்துக்கு வண்டி நட்டந்தான். டிக்கெட் காசு டீசலுக்கே காணாது.”

“ஆளு ஏறுனா நட்டம் குறையுமுங்களா?”

“குறையும். தீராது.”

“தீர வேண்டாமுங்க. ஓடுனாப் போதும்.”

சூப்பிரண்டு பழத்தை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனபின் என் பக்கம் திரும்பி, மெல்லிய குரலில், “நேத்து எழுதினதும் பொய்தான், இப்ப எழுதினா இதுவும் பொய்தானுங்க. எனக்காக ஏறாம இருந்தாங்க, எனக்காக ஏறினாங்க. நான் வராத நாள்ல வண்டி எப்படிப் போகுதுன்னு நான் வந்து எப்படிப் பாக்கறது?” என்றார். எண்ணுவதையே வேலையாகக் கொண்ட ஒருவர் இதைச் சொன்னதை நான் மறக்கவே முடியாது. அரசுச் செலவைப் பற்றிய எந்தக் கட்டுரையைப் படித்தாலும், ‘பயனாளிகள்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எனக்கு அந்தக் கேள்வி கேட்கிறது.

செம்மேட்டில் எல்லோரும் இறங்கினோம். வியாபாரிகள் இன்னும் கிளம்பவில்லை. அக்கா பழத்தை வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். சூப்பிரண்டின் கையில் அவருடைய டிக்கெட் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. ஒரு விரலிலிருந்து எடுத்தால் இன்னொரு விரலில் ஒட்டியது. கீழே உதறுங்கள் என்றேன். “கீழ போட்டா அதைக் கூட்டறதுக்கு ஓராளு வேணுமுங்க. அதுக்கு ஒரு சம்பளம்” என்று சொல்லிவிட்டு, நான் ‘நிற்க இடமில்லை’ என்று எழுதி முடித்திருந்த பக்கத்தில், வரிக்குக் கீழே அழுத்தித் தேய்த்தார். டிக்கெட் அங்கே தங்கிவிட்டது. டீக்கடையில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் கேட்டு வாங்கிக் கையைத் துடைத்தார். சட்டைக் கறை போயிருக்காது. அதன்பின் நான் அவரைப் பார்க்கவில்லை.

அந்த மழைக்காலம் முழுவதும் ஊர் மாலைதோறும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. முதல் திருப்பத்தில் ஹாரன் கேட்டால்தான் மறுநாளைக்குப் பழம் அறுக்கலாமா என்று அக்கா முடிவெடுப்பார். வண்டி வந்துகொண்டேதான் இருந்தது. பட்டியலில் இருந்த வேறு சில நடைகள் நின்றன என்று கேள்வி, எங்களுடையது நிற்கவில்லை. ஆடிப்பெருக்கு கழிந்து ஒரு நாள் கண்டக்டர் ஒரு செய்தி கொண்டுவந்தார்: சூப்பிரண்டு உட்கார்ந்திருந்த நாற்காலியையே எடுத்துவிட்டார்களாம். ஆய்வுப் பிரிவில் அந்தப் பணியிடம் வேண்டாம் என்று முடிவாகி, அவரை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். மிளகுப் பெரியவருக்கு அன்று சோறு இறங்கவில்லை. “நான் வாய் வச்சது அவரு தலையிலயா விழுந்துச்சு?” என்று நாலைந்து நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

சென்ற மாதம் வளப்பூர் நாட்டுக்குப் போயிருந்தேன். செம்மேட்டில் அதே மாலை வண்டி. வண்டி புதிது, நேரம் பழையது. பலாப்பழ அக்காவுக்குத் தலை நரைத்துவிட்டது, பழங்களை மருமகள் சுமக்கிறாள். சன்னல் வழியாகத் துண்டு போட்டு எனக்கும் இடம் பிடித்துக் கொடுத்தார். “எண்ணறதுக்கு இப்பெல்லாம் யாரும் வாரதில்லீங்க சார். வண்டி மட்டும் வருது” என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் வெற்றி எதுவும் இல்லை. எண்ண வந்த ஒருவரைப் பற்றி அவரும் நினைத்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்குத் திரும்பிய அன்று தொலைக்காட்சியில் நான்கு பேர் அரசு பெருத்துவிட்டதா, சுருங்க வேண்டுமா என்று ஒருவரை ஒருவர் பேசவிடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அணைத்துவிட்டு நோட்டை எடுத்தேன். பலாப்பிசினுக்குத் தேங்காய் எண்ணெய் போதும், டிக்கெட் கழன்றுவிடும். ஆனால் மெஷின் டிக்கெட்டின் எழுத்து எண்ணெய் பட்டால் நிற்காது. பிரித்தால் தேதி தெரிவதற்குள் தேதி போய்விடும். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்த இடத்தில் வைத்தேன். ஆண்டு தெரியாமலே இருக்கட்டும்.

அதைவிட நான் தெரிந்துகொள்ள விரும்பியது வேறு. வண்டியை நிறுத்தி மிச்சப்படுத்த நினைத்த செலவுக்கு ஈடாக, தன் பணியிடத்தை எடுத்துவிடலாம் என்று சூப்பிரண்டே அறிக்கையில் எழுதிக் கொடுத்தார் என்று கண்டக்டர் சொன்னார். அந்தப் பணியிடம் முன்பே பட்டியலில் இருந்தது, அவர் எழுதினாலும் எழுதாவிட்டாலும் போயிருக்கும் என்று டிரைவர் சொன்னார். இருவரும் இப்போது இல்லை. அலுவலகத்தில் விசாரித்தேன், அந்தக் காலத்துக் கோப்புகள் கழிக்கப்பட்டுவிட்டன என்றார்கள். இரண்டில் எது நடந்தது என்பதை என்னால் இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.